தாய்மாமன் கட்டிய கட்டணம்

என் தங்கை மகளின் விவாக அறிவித்தல் பத்திரத்தைக் கொடுப்பதற்காக, மெல்பேர்னின் கிழக்குப் புறத்தில், திருமணங்களை நடத்திவைக்கும் உரிமை பெற்ற ஓர் அம்மையாரின் மேசையைச் சுற்றி நாங்கள் அமர்ந்திருந்தபோது, அவர் பிறப்புச் சான்றிதழ்களைச் சரிபார்த்து, கையொப்பங்களை வாங்கி, முடிவில் மெல்லியதொரு மடிப்புத்தாளை மணமக்கள் பக்கம் நகர்த்தி வைத்தார். விவாகத்தால் நேரும் கடமைகளையும் விளைவுகளையும் கூறி, முன்கூட்டியே பயிற்சியும் ஆலோசனையும் பெற வழியுண்டு என்று தெரிவிக்கும் அத்தாளைக் கொடுத்தே ஆகவேண்டுமென்பது அவுஸ்திரேலிய விவாகச் சட்டத்தின் விதி. "அண்ணை, இதுக்கும் காசு கட்ட வேணுமோ?" என்று தங்கை என் காதருகே கேட்டாள்.

அவள் கேள்வி அற்பமானதன்று. நாடு முழுமைக்கும் ஒரே விவாகரத்துச் சட்டத்தை 1959இல் வகுத்தபோதே, பிரிய நினைப்போரைச் சேர்த்துவைக்கப் பாடுபடும் ஸ்தாபனங்களுக்குப் பொதுப்பணத்தில் மானியம் வழங்கவும் அதே சட்டத்தில் இடம் வைத்த தேசம் இது. 2014ஆம் வருஷம் ஜூலையில், அமைச்சர் கெவின் அண்ட்ரூஸ் 2 கோடி டொலர் ஒதுக்கி, ஒரு லட்சம் தம்பதிகளுக்குத் தலா 200 டொலர் பெறுமதியான ஆலோசனைச் சீட்டு என்று ஒரு திட்டத்தைத் தொடக்கினார். எதிர்பார்த்த அளவுக்கு ஆட்கள் வாராமையால் அடுத்த வருஷமே அது கைவிடப்பட்டது. 2006 முதல் நிறுவப்பட்ட 65 குடும்ப உறவு நிலையங்களின் கதை வேறு. பிள்ளைகள் யாரிடம் வளர்வதென்று வழக்காட நினைப்போர், நீதிமன்றப் படியேறுமுன் சமரசம் பேசிப் பார்க்க அங்கே போகிறார்கள், முதல் ஒரு மணி நேரம் இலவசம். மண்டபத்துக்கு முன்பணம் கட்டி, சென்னையிலிருந்து கூறைச் சேலை வரவழைத்து, படம் பிடிப்பவரோடு பேரம் பேசிக்கொண்டிருக்கும் வேளையில், இன்னும் வராத சண்டையைப் பற்றி அந்நியர் ஒருவரோடு பேச வாருங்கள் என்று சீட்டுக் கொடுத்து அழைத்தால் யார்தான் போவார்?

ஆயினும் இம்முயற்சியைப் பரிகசிக்க எனக்கு மனம் வரவில்லை. தங்கையின் கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு, பெரியம்மா அவளைக் கிணற்றடிக்கு அழைத்துப்போய், குரல் உயர்த்தாதே, மாமியார் சொல்லைத் தட்டாதே என்று ஒரு மணி நேரம் உபதேசித்தார். அவளை மணக்கவிருந்தவருக்கோ, தலைமயிரைக் கத்தரித்துக்கொள் என்பதற்கு மேல் எவரும் எதுவும் சொன்னதாக நான் அறியேன்.

இப்போது சீட்டு இல்லையாகையால், மருமகளும் மாப்பிள்ளையும் சென்ற இரண்டு மாலை வகுப்புகளுக்குத் தாய்மாமன் என்ற முறையில் நானே கட்டணம் கட்டினேன். இருவரையும் தனித்தனி மூலைகளில் இருத்தி, ஒரே வினாத்தாளைக் கொடுத்து, பின்னர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்களாம். பெற்றோருக்கு மாதந்தோறும் எவ்வளவு கொடுப்பீர்கள் என்ற வினாவுக்கு அவள் 500 டொலர் என்று எழுதியிருக்க, அவன் இடத்தை வெறுமையாக விட்டிருந்தான். அன்றிரவு வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, உள்ளே வராமல், முக்கால் மணி நேரம் இருவரும் பேசிக்கொண்டேயிருந்தார்கள். புட்டு ஆறிப்போகிறதென்று தங்கை ஜன்னலுக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.