தலை சாய்த்துக் கேட்ட சாமி... கூடு கட்ட வரும் நாரை! திருப்புடைமருதூரில் ஒரு காலை நடை

மாசி பாதி கடந்துவிட்டால் தாமிரபரணிக் கரையில் பனி மெலிந்துவிடும். வெயில் இன்னும் உறைக்கத் தொடங்கியிருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் கலங்கலாக ஓடிய ஆறு, அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரியும் அளவுக்குத் தெளிந்திருக்கும். அவசரமில்லாமல் ஆற்றோரம் நடந்து பார்க்க நெல்லைச் சீமையில் இதைவிட நல்ல பருவம் கிடையாது. அதற்கு ஏற்ற ஊர், திருப்புடைமருதூர்.

செடிபுட்டா சேலைக்குப் பெயர்பெற்ற வீரவநல்லூர்தான் வழியில் இருக்கும் பெரிய ஊர். தறிச் சத்தம் பின்னால் மறைந்ததும் இரு பக்கமும் வயல்கள் விரியும். கன்னடியன் கால்வாய்ப் பாசனம் பெறும் வட்டாரம் இது. மாசி, பங்குனிதான் பிசான அறுவடைக் காலம். ஒரு வயலில் கதிர் முற்றித் தலை கவிழ்ந்து நிற்கும். பக்கத்து வயலில் அறுவடை இயந்திரம் போன தடம் ஈரம் காயாமல் கிடக்கும். புது வைக்கோல் வாசனை கூடவே நடந்து வரும்.

ஊரை நெருங்கியதும் மரங்கள் அடர்ந்துவிடும். புங்கை பளபளக்கும் இளந்தளிர் விட்டிருக்கும். இலுப்பை பழைய இலையை உதிர்த்துவிட்டுச் செம்பு நிறத்தில் துளிர்க்கும். வழவழப்பான வெளிர் பட்டையுடன் மருத மரங்கள் ஆற்றைப் பார்த்துச் சாய்ந்து நிற்கும். ஊருக்குப் பெயர் தந்ததும், கோயிலின் தலவிருட்சமும் இந்த மருதம்தான். இங்கே கடனாநதி வந்து தாமிரபரணியில் கலக்கிறது. படித்துறையில் கால் நனைத்தால் காலை எட்டு மணிக்கும் தண்ணீர் சில்லென்றிருக்கும். 2023 டிசம்பரில் கரை புரண்டு ஊர்களை மூழ்கடித்த ஆறா இது என்று தோன்றும்.

கரையோரக் கோயிலில் இருப்பவர் நாறும்பூநாதர், அம்பாள் கோமதி. இங்கே லிங்கம் சற்றுச் சாய்ந்திருக்கும். அதற்கு ஊரில் ஒரு கதை சொல்வார்கள். தரிசனத்துக்கு வந்த கருவூர்ச் சித்தரை ஆற்று வெள்ளம் அக்கரையிலேயே நிறுத்திவிட்டது. அங்கிருந்தே அவர் இறைவனை அழைத்தார். அந்தக் குரலைக் கேட்கச் சாமி தலை சாய்த்தார், அப்படியே இருந்துவிட்டார். கோபுரத்தின் ஐந்து நிலைகளிலும் சுவரோவியங்களும் மரச் சிற்பங்களும் நிறைந்திருக்கின்றன. குதிரைகளை ஏற்றிவரும் கப்பல்கூட அங்கே உண்டு. மேலே ஏற முடியுமா என்று கோயிலில் கேட்டுக்கொள்வது நல்லது.

வெளியே வந்து அண்ணாந்து பார்த்தால் இன்னொரு கோயில்! மரக்கிளைகளில் மஞ்சள் மூக்கு நாரைகள், கொக்குகள், நீர்க்காகங்கள். சுள்ளி சுமந்து வருவதும், இடத்துக்குச் சண்டை பிடிப்பதும், குஞ்சுக்கு இரை ஊட்டுவதுமாக ஒரே அமளி. ஒதுக்குப்புறமான ஏரியிலோ காட்டிலோ அல்ல, வீடுகளுக்கும் கோயிலுக்கும் பக்கத்திலேயே இந்தக் குடித்தனம். எச்சமும் மீன் வாடையும் இருக்கத்தான் செய்யும். ஆனாலும் ஊர்க்காரர்கள் இவற்றை விரட்டியதில்லை. அவர்களுடைய ஆதரவோடு 2005-ல் சுமார் 7 ஏக்கர் பரப்பு பறவைகளுக்கான பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இந்த வகையில் நாட்டிலேயே முதலாவது இதுதான். காட்டு இலாகா வேலி போடுவதற்கு வெகு முன்பே, ஊர் மனசு போட்ட வேலி அது.

ஆனால், கூடு மரத்தில் இருந்தாலும் குஞ்சுக்கு இரை ஆற்றிலும் வயலிலும்தான். பொதிகையில் பிறந்து சுமார் 128 கிலோமீட்டர் ஓடிக் கடலில் சேரும் தாமிரபரணி, வற்றாத நதி என்று பெயர் எடுத்தது. அதன் தண்ணீரில் இன்று வழிநெடுகச் சாக்கடை கலக்கிறது. மேலே பாபநாசத்தில் பரிகாரம் என்று ஆற்றில் விடும் துணிகளைத் தன்னார்வலர்கள் மூட்டை மூட்டையாக அள்ளுகிறார்கள். மீன் குறைந்தால் நாரை யாரிடமும் முறையிடாது. அடுத்த வருஷம் வராது, அவ்வளவுதான்.

அதனால் இங்கே நடப்பவர்கள் ஷாம்பு பாக்கெட்டையும் பழந்துணியையும் ஆற்றில் விடாமல் திரும்பினாலே பெரிய புண்ணியம். மரத்தடியில் கைதட்டுவதும் சத்தம் போடுவதும் வேண்டாம். பத்து நிமிஷம் பேசாமல் நின்றால் போதும். குஞ்சுகளின் கீச்சுக் குரலுக்கு அடியில் ஆறு ஓடும் சத்தமும் கேட்கும்.

எப்படிச் செல்லலாம்?

திருநெல்வேலி - செங்கோட்டை ரயில் பாதையில் வீரவநல்லூர் நிலையம் உள்ளது. அங்கிருந்து பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போகலாம். தை முதல் பங்குனி வரை பறவைகளைப் பார்க்க நல்ல காலம். விடிந்ததும் போனால் வெயிலுக்கு முன் நடையை முடித்துவிடலாம். குடிதண்ணீரும், முடிந்தால் ஒரு பைனாகுலரும் கையில் இருக்கட்டும்.