இரு துளைகளின் பாடம்

உணவைத் தகரக் கலத்தில் கெடாமல் காக்கும் முறைக்கு 1810-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பீட்டர் டுரண்ட் என்பார் காப்புரிமை பெற்றார். ஆயினும், கலத்தைத் திறப்பதற்கென ஒரு கருவி தோன்ற ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆயிற்று. அதுவரை உளியும் சுத்தியலுமே துணை.

நம் தோட்ட வீடுகள் சிலவற்றில் பால் டின்னைத் திறக்க இன்றும் கத்திமுனையே பயன்படுகிறது. கத்தி வழுக்கினால் பிஞ்சு விரல் கிழியும். கட்டுப் போட்ட கையுடன் எழுதுகோல் பிடிக்க இயலாது தவித்த மாணவர்களை நாம் கண்டிருக்கிறோம்.

டின்னில் துளையிடும் சிறு கருவி ஒன்றிருப்பின் அத்துன்பமில்லை. அதன் கொக்கியை டின்னின் விளிம்பில் மாட்டிப் பிடியை உயர்த்தினால், கூர்முனை தகரத்துள் இறங்கும். அஃது ஒரு நெம்புகோல்.

துளைகள் எதிரெதிரே இரண்டு வேண்டும். ஒன்றின் வழியே காற்று உட்புகுந்தால்தான் மற்றொன்றின் வழியே பால் தடையின்றி வெளிவரும். துளையிடுமுன் மூடியைக் கழுவித் துடைத்தல் நன்று.

பெற்றோர்களே, பிள்ளையின் விரலைக் காக்கச் சில வெள்ளி பெரிதன்று. மாணவமணிகளே, நெம்புகோலும் காற்றழுத்தமும் பாடநூலில் மட்டுமல்ல, உங்கள் அடுப்பங்கரையிலும் உள்ளன. கண்டு கற்பீர்களாக!