போய் வருகிறோம்
புத்தளக் கரையோரமாக ஒரு பயணம்

கொச்சிக்கடையிலே மகா ஓயாவின் பாலத்தைக் கடந்ததும் கம்பஹா மாவட்டம் பின்தங்கிவிடுகிறது. புத்தளம் மாவட்டம் நம்மை வரவேற்கிறது. வலப்புறம் தென்னஞ்சோலைகள், இடப்புறம் சற்றுத் தொலைவிலே, மரங்களுக்கு அப்பால், ஓயாத கடலோசை. வென்னப்புவையை அண்டும்போது காட்சி மாறுகிறது. ஓடு வேய்ந்த பழைய வீடுகளுக்கு நடுவே வளைவுகளும் தூண்களும் தாங்கிய புது மாளிகைகள் நிமிர்ந்து நிற்கின்றன. ரோமிலும் மிலானிலும் நாப்போலியிலும் வீட்டு வேலை செய்தும், முதியோரைப் பராமரித்தும் இவ்வூரார் ஈட்டிய பொருள் இங்கே கல்லாகவும் சுண்ணமாகவும் உருப்பெற்றிருக்கிறது. ‘குட்டி இத்தாலி’ என்று இப்பகுதியை அழைப்பதிலே வியப்பில்லை.

மாராவிலைக்கு வடக்கே ஒரு மீனவக் கிராமத்தில் அன்றிரவு நமக்குத் தங்கல். வீட்டுக்காரி கணவனை இழந்தவர். மகள் இத்தாலியில் இருக்கிறாள். இருபத்து நான்கு வயது மகன் தாயுடன் இருக்கிறான். மேசைமீது இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, பேத்தியின் முதல் நன்மை விழாவுக்கு வரும்படி மகள் அனுப்பிய அழைப்பிதழ். மற்றொன்று, தேதியும் நேரமும் கையொப்பங்களும் நிறைந்த ஒரு சிறு அட்டை.

“இவனுக்குச் சிறை இல்லை, ஐயா. ஆனால் விடுதலையும் இல்லை” என்றார் தாயார்.

முந்திய ஆண்டு திருவிழா இரவில் நடந்த ஒரு கைகலப்பிலே மகனும் சிக்கிக்கொண்டான். குற்றத்தை ஒப்புக்கொண்டான். நீதவான் அவனை மறியற்சாலைக்கு அனுப்பாமல், சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளையின்கீழ் வைத்தார். குறித்த நாள்களில் ஓர் அரசாங்க வைத்தியசாலையின் வளவைப் பெருக்கித் துப்புரவு செய்யவேண்டும். உத்தியோகத்தரிடம் தவறாது முகங்காட்டவேண்டும். பாதி மணித்தியாலங்கள் முடிந்துவிட்டன, பாதி எஞ்சியிருந்தன. இதற்கிடையே வந்தது அழைப்பு.

“கடவுச்சீட்டு கையில் இருக்கிறதே, பேசாமல் விமானம் ஏறு, போனபின் யார் கேட்பார் என்று கூட்டாளிகள் சொல்கிறார்கள்” என்றான் மகன். “கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்றுதான் பயமாக இருக்கிறது.”

தாயார் ஒன்றும் சொல்லவில்லை. விளக்கின் திரியை மட்டும் சிறிது தாழ்த்தினார். சொல்லாமற் போகும் மகன் திரும்பி வரவும் மாட்டான் என்ற அச்சம் அவர் முகத்திலே தெரிந்தது.

மறுநாள் வடதிசை நோக்கிப் புறப்பட்டோம். அந்த வினாவும் நம்முடன் வந்தது. சிலாபத்தில் முன்னேசுவரநாதரைத் தரிசித்து, திரௌபதை அம்மனுக்குத் தீமிதிக்கும் உடப்பூரின் மணற்பாதைகளைப் பார்த்து, நண்பகலில் புத்தளத்தை அடைந்தோம். உப்பு விளையும் பாத்திகள் வெயிலில் கண்ணைக் கூசச்செய்தன.

இந்தப் புத்தளத்திலே 1344 ஆம் ஆண்டில் ஒரு பெரும் பயணி வந்து இறங்கினார். அவர்தாம் மொரோக்கோ நாட்டவரான இபின் பதூதா. மாலைதீவிலிருந்து புறப்பட்ட அவரது மரக்கலத்தைக் காற்று இக்கரைக்குத் தள்ளிவந்தது. அப்போது இங்கே தங்கியிருந்தவர் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி. அம்மன்னரிடம் பயணி வேண்டியது பொன்னுமன்று, முத்துமன்று. பாவாத மலைக்குச் செல்ல அனுமதி ஒன்றே. மன்னர் பல்லக்கும் துணையாட்களும் தந்து அனுப்பினார். அவர் திரும்பும்வரை மரக்கலம் இங்கேயே காத்திருந்தது. மலையைக் கண்டு, தேவேந்திரமுனையையும் காலியையும் கொழும்பையும் சுற்றி, பதூதா மீண்டும் புத்தளத்துக்கே வந்து சேர்ந்தார். உலகையே அளந்த கால்கள்கூட, ஒருவரிடம் விடைபெற்றுத்தான் இம்மண்ணில் நடந்தன.

பாலாவிச் சந்தியில் திரும்பிக் கற்பிட்டிக்குச் சென்றோம். ஒருபுறம் களப்பு, மறுபுறம் பெருங்கடல். இடையே நீண்ட மணல் நாக்கு. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியும் தலவில புனித அன்னம்மாள் ஆலயமும் வழியிலுள்ளன. முனையருகே, 1667 முதல் 1676 வரை ஒல்லாந்தர் கட்டிய கோட்டை நிற்கிறது. கடற்படையினரின் அனுமதி பெற்றே நாமும் உள்ளே சென்றோம். அந்தத் தடித்த மதில்களைக் கண்டபோது ஒன்று தோன்றிற்று: மதிலுக்குள் அடைபட்டவனை மதிலே காக்கிறது, மதிலில்லாத தண்டனையில் இருப்பவனை அவன் சொன்ன சொல்லைத் தவிர வேறெது காக்கும்?

கோட்டைக்கு வடக்கே, நீர்ப்பரப்புக்கு அப்பால், வில்பத்துக் கரையில் குதிரைமலை இருக்கிறது. தந்தை சிங்கபாகுவின் நாட்டில் அடாது செய்த விசயனையும் எழுநூறு தோழரையும், பாதித் தலை மழித்து மரக்கலத்தில் ஏற்றி நாடுகடத்தினர் என்று மகாவமிசம் கூறுகிறது. கைபட்டால் சிவக்கும் மண்ணையுடைய தம்பபண்ணியில் அவர்கள் கரையேறினராம். அவ்விடம் இக்குதிரைமலைப் பக்கமே என்பாரும் உளர். அன்று அரசன் தந்த தண்டனை, ‘கடல்கடந்து போ, திரும்பி வராதே’ என்பது. குற்றமேதும் செய்யாமலே அத்தகைய தண்டனையை அனுபவித்தவர்களையும் இம்மாவட்டம் அறியும். 1990 ஆம் ஆண்டு அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுள் பெரும்பகுதியினர் புத்தளத்திலேதான் தஞ்சம் புகுந்தனர். திரும்பிப் போக ஒரு வீடு இருப்பதன் அருமை அவர்களுக்குத் தெரியும்.

இன்றைய நீதிமன்றம் கூறுவது இதற்கு நேர்மாறானது: ‘ஊரிலேயே இரு, ஊருக்கே உழை.’ இலங்கையின் 1979 ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையிலே சமுதாய சேவைக் கட்டளைக்கு இடமிருந்தது. 1999 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம் அதனை விரிவாக்கிற்று. இங்கிலாந்தில் 1973 முதல் இம்முறை நடைமுறையில் உண்டு. இன்று அங்கே 40 மணி முதல் 300 மணிவரை ஊதியமில்லா வேலை விதிக்கலாம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலோ, அனுமதியின்றி மாநில எல்லையைத் தாண்டுதலே ஆகாது.

அப்படியானால், கட்டளைக்கு உட்பட்டவன் உறவினரைக் காணவோ, விடுமுறைக்கோ பிறநாடு செல்லவே கூடாதா? அவ்வாறு கருதவேண்டியதில்லை. முதலில் கேட்கவேண்டும். பயணத்தின் காரணத்தையும், போகும் நாளையும், வரும் நாளையும் எழுத்திலே தரவேண்டும். அனுமதி கைக்கு வருமுன் பயணச்சீட்டுக்குப் பணம் கட்டுதல் பேதைமை. இசைவு கிடைத்தாலும், செய்யாத மணித்தியாலங்கள் கரைந்துபோவதில்லை. அவன் வரும்வரை காத்திருக்கும். விசா விண்ணப்பத்திலே குற்றத்தீர்ப்பு உண்டோ என வினவினால் உண்மையையே எழுதவேண்டும். இவற்றையெல்லாம் விட்டு ஒளித்துச் சென்றவன் மீண்டும் நீதவான்முன் நிற்க நேரும். முன்னர் தப்பிய மறியற்சாலையும் அவனுக்கு வாய்க்கலாம். அதற்கு அஞ்சித் திரும்பாமலே இருந்துவிட்டானாயின், தன்னைத் தானே நாடுகடத்திய விசயன் ஆவான்.

இரண்டு நாள்களின் பின் அதே வீட்டு வாசலில் மீண்டும் இறங்கினோம். மகன் வைத்தியசாலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தான். மேசைமீது அழைப்பிதழுக்கும் அட்டைக்கும் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு தாள் கிடந்தது. அது உத்தியோகத்தருக்கு அவன் எழுதிய விண்ணப்பத்தின் பிரதி.

“கொடுத்துவிட்டேன். விழாவுக்கு முன் எஞ்சிய மணித்தியாலங்களை முடிக்க முடியுமா பார்ப்போம், இல்லாவிட்டால் நீதிமன்றத்தைக் கேட்போம் என்றார். என்ன முடிவு வருமோ தெரியாது” என்றான்.

தாளை எடுத்துப் பார்த்தோம். போகும் தேதிக்குரிய இடம் வெறுமையாக இருந்தது. திரும்பும் தேதியை மட்டும் தெளிவாக எழுதியிருந்தான். ஏனென்று கேட்டோம்.

“அம்மா அதைத்தான் முதலில் எழுதச் சொன்னார்.”

நம் மக்கள் வீட்டைவிட்டுப் புறப்படும்போது ‘போகிறேன்’ என்று சொல்வதில்லை. பக்கத்துத் தெருவுக்குப் போனாலும், பன்னாட்டுக்குப் போனாலும் ‘போய் வருகிறேன்’ என்பதே நம் வழக்கு. சட்டம் அவனிடம் கேட்டதும் அந்த ஒரு சொல்லைத்தான் போலும்.

பஸ் வரும் ஓசை கேட்டது. தாயார் வாசல்வரை வந்தார். அன்று தாழ்ந்திருந்த அவர் முகம் இன்று நிமிர்ந்திருந்தது.

“போய் வாருங்கள், ஐயா” என்றார்.

“போய் வருகிறோம்” என்றோம்.