நிறுத்துவதற்கும் ஒரு சீட்டு வேண்டும்

“எப்பம்மா நிறுத்தலாம்?”

மாவட்ட மனநலத் திட்டத்தில் உத்திரமேரூர் வட்டத்து நோயாளிகளைப் பார்க்கும் எனக்கு நாள் தவறாமல் வந்து சேரும் கேள்வி இது. சாலவாக்கத்திலிருந்து வரும் விவசாயி கேட்பார். மானாம்பதியிலிருந்து மகனைக் கூட்டிவரும் தாய் கேட்பார். சிலர் கேட்கவே மாட்டார்கள். அவர்கள் ஏற்கெனவே நிறுத்தியிருப்பார்கள்.

இந்தக் கேள்விக்கு எங்கள் தொழிலில் தயாராக ஒரு பதில் உண்டு: “நான் சொல்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது.” பதிலில் தவறில்லை, ஆனால் அது போதாது. எந்த மருந்தை எந்த அளவில் தொடங்கி எப்படி ஏற்றுவது என்று நாங்கள் விரிவாகப் படிக்கிறோம். எப்போது குறைப்பது, எப்படிக் குறைப்பது, யாருக்குக் குறைக்கவே கூடாது என்பதையும் அதே அக்கறையோடு கற்க வேண்டும். நோயாளியிடம் அதை வாய்திறந்து பேசவும் வேண்டும். நாங்கள் பேசாவிட்டால் அவர் தானாக நிறுத்துவார். ஆபத்தில் பெரும்பங்கு அந்த ரகசியத்திலும் அந்தத் திடீர் நிறுத்தலிலும்தான் இருக்கிறது.

நிறுத்துகிறவர்களைப் பொறுப்பில்லாதவர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. உட்கார்ந்து கேட்டால் ஒவ்வொருவரிடமும் ஒரு நியாயம் இருக்கிறது. ஓலன்சபின் சாப்பிட ஆரம்பித்த சில மாதங்களில் உடம்பு பருத்து, பழைய ஜாக்கெட் எதுவும் சேராமல் போன பெண். ரிஸ்பெரிடோனால் மாதவிலக்கு நின்று மார்பில் பாலும் கசிய, கல்யாணமாகாத தன்னை ஊர் என்ன சொல்லுமோ என்று நடுங்கிய பெண். விடிவதற்கு முன் வரும் கம்பெனி பஸ்ஸுக்கு எழ முடியாத இளைஞன். தாம்பத்தியத்தில் வந்த குறையை யாரிடமும் சொல்லத் தெரியாத கணவர். மாத்திரை வாங்க வந்தால் ஒரு நாள் கூலி போகும். நடவு நேரத்தில் அந்த நாளை யாரும் விட முடியாது. ‘சூடு’, ‘கிட்னி போயிடும்’ என்று அக்கம்பக்கத்தார் சொல்வது வேறு. எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம், குணமாகிவிட்டதுதான். “புள்ள நல்லாத்தான கீறான், இன்னும் எதுக்குமா மாத்திர?” என்று ஒரு தாய் கேட்பதில் என்ன பிழை?

அதனால் கேள்வியை நான் வேறு மாதிரி கேட்கிறேன். “ஒழுங்கா சாப்பிடுறீங்களா?” என்றால் “சாப்பிடுறேன்” என்ற ஒரே பதில்தான் வரும். “போன வாரம் எத்தனை வேளை விட்டுப்போச்சு?” என்றால் முகம் இளகும். விட்டுப்போவது எல்லாருக்கும் நடப்பதுதான் என்ற ஒப்புதல் அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. காலி அட்டைகளைத் தூக்கிப் போடாமல் கொண்டுவரச் சொல்வேன். அட்டையில் மிச்சமிருக்கும் மாத்திரைகளைக் காட்டிக் குற்றம் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தவர்கள்தான் அட்டையைக் கொண்டுவருவார்கள்.

திடீரென்று நிறுத்தினால் இரண்டு வேறு விஷயங்கள் நடக்கக்கூடும். ஒன்று, மருந்துக்குப் பழகிய உடல் அது கிடைக்காமல் தவிப்பது. இன்னொன்று, அடங்கியிருந்த நோய் திரும்புவது. இரண்டையும் பிரித்தறிவதுதான் இந்த வேலையில் நுட்பமான பகுதி.

ஓர் அம்மாவைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். மனச்சோர்வுக்காகத் தனியார் மருத்துவர் ஒருவரிடம் பராக்ஸிடின் வாங்கிச் சாப்பிட்டு வந்தவர். வீட்டில் பிள்ளைகள் பாதி தூக்கிக்கொண்டு வருவதுபோல அழைத்துவந்தார்கள். தலைசுற்றல், குமட்டல், அழுகை, தூக்கத்தில் பயங்கரக் கனவுகள். “கண்ண திருப்பினா தலைக்குள்ள ஷாக் அடிக்குதுமா” என்றார். நோய் முற்றிவிட்டது என்றார் மகன். காத்து கருப்பு என்றார் மாமியார். நான் தேதி கேட்டேன். எங்கள் பக்கம் தேதி கேட்டால் பண்டிகையைச் சொல்வார்கள். ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் மாத்திரை தீர்ந்திருக்கிறது. கிருத்திகை கழிந்த மறுநாளே தலைசுற்றல் ஆரம்பித்திருக்கிறது. மனச்சோர்வு திரும்புவதாக இருந்தால் பொதுவாக வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வரும். தலைக்குள் மின்சாரம் பாய்வதோ சுற்றுவதோ அதன் பழைய குணம் அல்ல. பழைய அளவிலேயே மாத்திரையைத் திரும்பக் கொடுத்தோம். சில நாட்களில் எழுந்து உட்கார்ந்தார். இது மருந்து நின்றதால் வந்த உபாதை, நோய் திரும்பவில்லை என்று குடும்பத்துக்குப் புரியவைத்தோம். பிறகு பல மாதங்களில் படிப்படியாகக் குறைத்து முடித்தோம். அந்தத் தேதியைக் கேட்காமல் விட்டிருந்தால் அவர் ஆயுள் முழுக்க மாத்திரை இல்லாமல் முடியாதவர் என்று எழுதப்பட்டிருப்பார்.

பராக்ஸிடின், வென்லாஃபாக்சின் போல உடலிலிருந்து சீக்கிரம் வெளியேறும் மருந்துகளில் இந்த உபாதை கூடுதல். ஃப்ளூஆக்ஸெடின் வாரக்கணக்கில் உடலில் தங்கித் தானாகவே மெல்ல இறங்குவதால் அதில் குறைவு. எல்லாருக்கும் இது வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2024இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்த பெரிய தொகுப்பாய்வில், மனச்சோர்வு மருந்தை நிறுத்தியவர்களில் 31 சதவீதம் பேருக்கு ஏதாவது ஓர் உபாதை இருந்தது. வெற்று மாத்திரையை நிறுத்தியவர்களிலும் 17 சதவீதம் பேருக்கு இருந்தது. கடுமையான உபாதை ஏறக்குறைய 35 பேரில் ஒருவருக்கு. பயமுறுத்தவும் வேண்டாம், இல்லை என்று மறுக்கவும் வேண்டாம்.

தூக்க மாத்திரைகளில் விஷயமே வேறு. அல்பிரசோலம், லோராசிபம், குளோனாசிபம், டயசிபம் போன்றவற்றை மாதக்கணக்கில் சாப்பிட்டுவிட்டு ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம். குழப்பமும் பிதற்றலும் வரலாம். உயிருக்கே ஆபத்து. ‘நரம்பு மாத்திரை’ என்ற பெயரில் இதை வருடக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருக்கும் முதியவர்கள் எங்கள் கிராமங்களில் இருக்கிறார்கள். பேரன் வந்து, “இது பழக்கமாயிடும் ஆயா, தூக்கிப் போடு” என்று அக்கறையோடு பிடுங்கிப் போடுவதும் நடக்கிறது. பேரன் சொல்வது சரி, செய்யும் விதம்தான் ஆபத்து. ஒன்றிரண்டு வாரங்களுக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு என்கிற அளவில் பொறுமையாக இறக்க வேண்டிய மருந்து அது.

மனநிலை ஏற்ற இறக்கத்துக்குத் தரும் லித்தியத்தைத் திடீரென்று விட்டால் அடுத்த சில மாதங்களில் மனவெழுச்சி கிளம்பும் அபாயம் அதிகம்; தற்கொலை ஆபத்தும் கூடுகிறது. குறைத்தே தீர வேண்டும் என்றால் குறைந்தது நான்கு வாரம், முடிந்தால் மூன்று மாதம் எடுத்துக்கொள்ளச் சொல்கின்றன வழிகாட்டிகள். மனச்சிதைவுக்குத் தரும் குளோசபினில் இன்னொரு பொறி இருக்கிறது. இரண்டு நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவை அப்படியே எடுக்கக் கூடாது. ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழலாம். மறுபடி 12.5 மி.கி.யிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் ஏரி உடைந்து, பஸ் நின்று, மாத்திரை தீர்ந்துபோகும் ஊர்களில் இதை வீட்டில் இருக்கும் எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். வலிப்புக்கும் மனநிலை ஏற்ற இறக்கத்துக்கும் தரும் வால்ப்ரோயேட் கருவில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கும். அதனால் கல்யாணம் நிச்சயமானவுடனேயே மாற்று மருந்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். கரு உண்டான பிறகு பயந்துபோய் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து.

இனி, எப்படிக் குறைப்பது. பாதி, அதில் பாதி, பிறகு ஒன்றுமில்லை என்று குறைப்பதுதான் பொதுவழக்கம். மார்க் ஹோரோவிட்ஸ், டேவிட் டெய்லர் என்ற ஆய்வாளர்கள் இருவர் 2019இல் எழுதிய கட்டுரை இதை மாற்றி யோசிக்க வைத்தது. 20 மி.கி. சிட்டலோப்ராம், செரோட்டோனினைத் திரும்ப உறிஞ்சும் வாயில்களில் ஏறக்குறைய 80 சதவீதத்தை அடைக்கிறது. 9 மி.கி.க்கு இறக்கினாலும் 70 சதவீதம் அடைபட்டே இருக்கும். வெறும் 2 மி.கி. சொச்சத்திலும் 40 சதவீதம்! ஆழக் கிணற்றில் மேற்படிகள் சரிவாகவும் அடிப்படிகள் செங்குத்தாகவும் இருப்பதுபோல, கடைசி மில்லிகிராம்களில்தான் சறுக்கல். பாதி அளவுக்கு ஒரு சிரமமும் இல்லாமல் வந்தவர் கடைசித் துணுக்கை விடும்போது ஏன் அவதிப்படுகிறார் என்பது இதிலிருந்து விளங்கும்.

அந்தச் சிறிய அளவுகளை அளந்து கொடுக்க, எங்கள் மருந்தகத்தில் இந்த மருந்துகள் சொட்டு மருந்தாகக் கிடைப்பதில்லை. இருக்கிற மாத்திரையைக் கோடு பார்த்து உடைத்து, கால்பங்காக்கிச் சமாளிக்கிறோம். மெல்லக் கரைய வேண்டிய மாத்திரைகளை உடைக்கக் கூடாது. அவற்றுக்குப் பதிலாக உடைக்கக்கூடியதை முதலில் மாற்றித் தர வேண்டும். ‘ஒரு நாள் விட்டு ஒரு நாள்’ என்ற வழியைப் பலர் தாங்களாகவே கண்டுபிடிக்கிறார்கள். சீக்கிரம் வெளியேறும் மருந்துகளில் அது தினமும் ஏற்றி இறக்கும் வேலை. உடல் பழகவே பழகாது. தினமும் கொஞ்சமாக எடுப்பதே நல்லது. எந்தத் தேதியிலிருந்து எவ்வளவு என்று நோட்டில் தமிழில் எழுதித் தருகிறேன். அறுவடை, தேர்வு, கல்யாணம், ஷிப்டு மாறும் மாதம் இவற்றில் குறைப்பதில்லை. தூக்கம் கெட்டால், சந்தேகப் பேச்சு தலைகாட்டினால், குளிப்பதும் சாப்பிடுவதும் குறைந்தால் அடுத்த படி இறங்காமல் உடனே வரச் சொல்கிறேன். அந்த முதல் அடையாளம் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று. அது வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

யாருக்குக் குறைக்கலாம்? மனச்சோர்வு முதல்முறை என்றால், குணமான பிறகு குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்துவிட்டுப் பேச ஆரம்பிக்கலாம். திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு இரண்டு வருடமாவது வேண்டும். மனச்சிதைவில் பேச்சு இன்னும் கனமானது. 65 ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் லான்செட்டில் வந்த கணக்குப்படி, ஓராண்டுக்குள் நோய் திரும்பியது மருந்தைத் தொடர்ந்தவர்களில் 27 சதவீதம் பேருக்கு, நிறுத்தியவர்களில் 64 சதவீதம் பேருக்கு. மனச்சோர்வு மருந்தை நெடுநாள் எடுத்து நலமாக இருந்த 478 பேரிடம் இங்கிலாந்தில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், ஓராண்டில் நோய் திரும்பியது தொடர்ந்தவர்களில் 39 சதவீதம் பேருக்கு, நிறுத்தியவர்களில் 56 சதவீதம் பேருக்கு. இந்த எண்களை நோயாளியிடம் ஒளிக்காமல் சொல்கிறேன். நிறுத்தியும் நலமாக இருந்தவர்கள் அதில் இருக்கிறார்கள்; தொடர்ந்தும் நோய் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதும் தெரிகிறது. சென்னையில் டாக்டர் ஆர். தாராவும் மனச்சிதைவு ஆய்வு நிறுவனமான ஸ்கார்ஃபைச் சேர்ந்தவர்களும், 1980களின் தொடக்கத்தில் முதல்முறை மனச்சிதைவுக்கு ஆளான 90 பேரைக் கால் நூற்றாண்டு பின்தொடர்ந்து பார்த்தார்கள். ஒரே நோய்ப் பெயரைத் தாங்கியவர்களின் வாழ்க்கைப் பாதைகள் வெவ்வேறாகப் பிரிந்தன. எதிரே இருப்பவரின் பாதையைப் பார்த்துத்தான் எதையும் முடிவு செய்ய முடியும்.

சில நேரம் நிறுத்தவே தேவைப்படாது. ஒரகடத்து ஆலையில் வேலை பார்த்த ஒரு தம்பி லித்தியத்தை விட்டுவிட்டு, தூக்கமில்லாமல், ஓயாத பேச்சோடு வந்தார். ஓரளவு தெளிந்த பிறகு காரணம் கேட்டேன். சின்னத் திருகாணியைப் பொருத்தும்போது கை நடுங்கியிருக்கிறது, சூப்பர்வைசர் “குடிச்சுட்டு வந்தியா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறார். லித்தியத்தை மறுபடி பழைய அளவில் கொடுத்து, ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்தோம். வரம்பின் மேல்விளிம்பில் இருந்தது. கொஞ்சம் இறக்கி, நடுக்கத்துக்கு ஒரு சிறிய மாத்திரை சேர்த்தோம். கை நின்றது. அந்த மருந்தோடு அவருக்கு வேறு எந்தச் சண்டையும் இருக்கவில்லை.

வேண்டுதலுக்காக நிறுத்துவதும் உண்டு. சோளிங்கர் மலையடிவாரத்தில் மண்டலக் கணக்கில் தங்கப் போகிறவர்களை நான் தடுப்பதில்லை. மாத்திரையையும் எடுத்துப் போகச் சொல்கிறேன். 2001 ஆகஸ்ட் 6இல் ஏர்வாடி தர்கா அருகே சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகளின் உயிர்கள் தீயில் போயின. அதன் பிறகு அங்கே தர்காவை ஒட்டியே மருந்தும் துஆ எனும் பிரார்த்தனையும் சேர்ந்து நடக்கும் திட்டம் வந்தது. சாமியா, மாத்திரையா என்று ஒரு குடும்பத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், தோற்பது பெரும்பாலும் மாத்திரைதான்.

2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், நோய் முற்றினால் தனக்கு எப்படிச் சிகிச்சை வேண்டும், எப்படி வேண்டாம் என்று தெளிவாக இருக்கும்போதே எழுதிவைக்கும் உரிமையைத் தருகிறது. குறைக்கத் தொடங்கும் காலமே அதை எழுதச் சரியான காலம். எந்த மருந்து ஒத்துக்கொண்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை, யாரைக் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் அந்தத் தாளில் இருந்தால், ஒருவேளை நோய் திரும்பினாலும் அவர் சொல் அவரோடு இருக்கும்.

இதைப் படிப்பவர்களில் மாத்திரையை விட்டுவிட நினைப்பவர் இருக்கலாம். நேற்றே விட்டவரும் இருக்கலாம். விட்டவர், சாப்பிட்ட மருந்தின் பெயரையும் நிறுத்திய தேதியையும் எழுதிக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். தூக்க மாத்திரை, லித்தியம், குளோசபின் என்றால் இன்றே. உயிரை விடும் எண்ணம் எட்டிப்பார்த்தால் 14416 எண்ணில் டெலிமானஸ் இரவும் பகலும் தமிழில் பேசுகிறது, 104ம் இருக்கிறது. விட நினைப்பவர், முதலில் காரணத்தைச் சொல்லுங்கள். “மருத்துவர் திட்டுவார்” என்று ஒளிக்காதீர்கள்.

என்னைப் போன்ற மருத்துவர்களிடம் கேட்பதும் ஒன்றுதான். முதல் சீட்டு எழுதும் அன்றே, இது எவ்வளவு காலம், எப்போது மறுபடி பேசுவோம் என்று சொல்லிவிடுவோம். வாழ்நாள் முழுக்க வேண்டியிருந்தால் அதையும் காரணத்தோடு சொல்வோம். முடிவு எங்கே என்று தெரிந்தவர் நடுவில் ஓடிப்போக மாட்டார். ஓடிப்போனாலும், திரும்பி வந்தால் கதவு திறந்திருக்கும் என்று தெரிந்தே போவார்.