கட்டுநாயக்கா முதல் யாழ்ப்பாணம் வரை: மழலைக்கோர் ஆசனம்

பிரயாணம் என்பது பெரியோருக்கு ஊர் பல கண்டு செல்லும் இன்பம்; கைக்குழந்தைக்கோ அது தாயின் மடியில் ஒரு நெடிய உறக்கம். இவ்வாறே நம்மவர் தலைமுறை தலைமுறையாக எண்ணி வந்துள்ளனர். மாட்டு வண்டியில் நல்லூர்த் திருவிழாவுக்குச் சென்ற காலத்தில் அந்த மடி போதுமானதாகவே இருந்தது. மணிக்கு 60, 70 கிலோமீற்றர் வேகத்தில் காடும் வெளியும் பின்னே ஓட, வான் ஒன்று விரையும் இக்காலத்திலும் அது போதுமா? இவ்வினாவுக்கு விடை காணும் வாய்ப்பு, சென்ற ஆவணி விடுமுறையில் கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணம் வரை நாம் மேற்கொண்ட பிரயாணத்திலே கிட்டியது.

கனடாவின் ரொறன்ரோ மாநகரைச் சேர்ந்த ஸ்காபுறோவில் வாழும் எமது தங்கையும் மைத்துனரும் தம் இரு மக்களுடன் தாயகம் வருவதாக இருந்தது. மூத்தவன் ஐந்து வயதுச் சிறுவன். இளையவள் 14 மாதக் குழந்தை. வருவதற்கு ஒரு மாதத்துக்கு முன்னரே மைத்துனர் தொலைபேசியில் ஒரு வேண்டுகோள் விடுத்தார்: வாடகைக்கு அமர்த்தும் வானின் நடு வரிசை ஆசனங்களிலே, தோளையும் இடுப்பையும் அணைக்கும் பட்டிகள் இருத்தல் வேண்டும் என்பதே அது. நாம் பார்த்த முதல் வானிலே பட்டிகள் இருந்தன. ஆனால் அழகிய ஆசன உறைகளின் அடியிற் புதையுண்டு கிடந்தன. இரண்டாவது வானில் இடுப்புப் பட்டி மாத்திரமே உண்டு. மூன்றாவதே பொருத்தமாக அமைந்தது. முன்னாசனத்தில் இருப்போர் பட்டி அணிதல் வேண்டுமென்று 2011 ஆம் ஆண்டு முதல் நம் நாட்டிற் கட்டாயமாயிற்று. பொலிசாருக்கு அஞ்சி முன்னே பட்டி பூட்டும் நாம், பின்னே இருக்கும் பிள்ளைகளின் பட்டியை உறைக்குள் ஒளித்து வைத்திருப்பது விந்தையே அன்றோ!

விடியற்காலையில் விமானம் வந்திறங்கிற்று. பேர்த்தியை முதன்முதலாகக் காணும் ஆவலுடன் எம்முடன் வந்திருந்த தாயார், குழந்தையை வாரி அணைத்துக் கொண்டார். மைத்துனரோ பெட்டிகளுடன் வந்த இரு ஆசனங்களையும் வானிலே பொருத்துவதில் முனைந்தார். குழந்தையின் ஆசனம் வாகனத்தின் பின்புறத்தை நோக்கியிருக்குமாறு வைக்கப்பட்டது. வானின் பட்டியை அதற்குரிய வழியாகச் செலுத்தி, ஆசனத்திலுள்ள கவ்வியிலே பூட்டி, தம் முழங்காலால் அழுத்தி இறுக்கினார். பின்னர் பட்டி செல்லும் இடத்திற் கைவைத்து ஆட்டிப் பார்த்தார். எப்பக்கத்திலும் இரண்டரைச் சென்ரிமீற்றருக்கு மேல் அசைதல் ஆகாது என்பது விதியாம். சிறுவனுக்கோ உயர்த்தும் ஆசனம். வானின் பட்டி கழுத்தை உரசாது தோளின் நடுவாகவும், வயிற்றிற் படாது தொடையின் மேற்புறமாகவும் செல்லும்படி அவனைச் சற்று உயர்த்தி அமர்த்துவதே அதன் பணி. இதற்குத் தோட்பட்டி இன்றியமையாதது. இடுப்புப் பட்டி மாத்திரம் உள்ள இடத்தில் இதனைப் பயன்படுத்தல் கூடாது.

"ஏன் பிள்ளை, குழந்தையைக் கட்டிப்போட்டுக்கொண்டு போறியள்? என்ர மடியில தாவன்" என்றார் தாயார். அவர் குரலில் ஏக்கம் இருந்தது. ஓராண்டுக்கு மேலாகப் படத்தில் மாத்திரம் பார்த்த குழந்தை அது.

தங்கை சொன்ன மறுமொழியை நாம் இன்னும் மறக்கவில்லை. "அம்மா, வான் நிக்கிற இடமெல்லாம் உங்கட மடிதான். ஓடேக்க மட்டும் அவளின்ர கதிரை."

நீர்கொழும்பைக் கடந்து, தென்னந்தோப்புகளினூடே சிலாபத்தை நோக்கி வான் சென்றது. முன்னேஸ்வரம் இருக்கும் திசையை நோக்கிக் கைகூப்பிய தாயாரின் முகம் இன்னமும் தெளியவில்லை. வகுப்பறையிலே மாணவர்க்குச் சொல்லும் கணக்கொன்றை அவருக்குச் சொன்னோம். ஓடும் பொருள் தடையின்றேல் ஓடிக்கொண்டேயிருக்கும் என்பது நியூற்றன் வகுத்த விதி. வான் மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகையில் உள்ளிருக்கும் குழந்தையும் அதே வேகத்தில் ஓடுகிறது. வான் எதன்மீதேனும் மோதி ஒரு செக்கனின் பத்திலொரு பங்கில் நின்றுவிடுமாயின், 10 கிலோகிராம் நிறையுள்ள குழந்தையைத் தடுத்து நிறுத்த ஏறத்தாழ 140 கிலோகிராம் பாரத்தைத் தாங்கும் வலிமை வேண்டும். அஃதாவது மூன்று சீமெந்து மூடைகளைக் கண்ணிமைக்கும் பொழுதிற் கையிலேந்துதல். எந்தத் தாயின் கைக்கு இது இயலும்? அவ்வேகத்தில் மோதுதல் ஏறக்குறைய 10 மீற்றர் உயரத்திலிருந்து வீழ்தலுக்கு ஒப்பாகும். மடியில் அன்பு உண்டு. ஆனால் அன்புக்கு இந்தப் பாரத்தைத் தாங்கும் பலம் இல்லை. பெரியவரின் பட்டியைக் குழந்தையையும் சேர்த்துச் சுற்றிக்கொள்வதோ அதனினும் கேடானது. பெரியவரின் உடலே குழந்தையை நசுக்கிவிடும்.

புத்தளத்திற் காலையுணவுக்காக இறங்கினோம். உப்பளங்களின் வழியே வந்த காற்று வீசிற்று. சொன்ன சொற்படி குழந்தை பாட்டியின் மடிக்கு வந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையேனும் குழந்தையை ஆசனத்தினின்றும் எடுத்து, கைகாலை நீட்டி விளையாட விடுதல் வேண்டும் என்பதும் இவ்விதிகளுள் ஒன்றே. மிகச் சிறிய குழந்தைகளுக்கு இது இன்னும் முக்கியமானது. தலை முன்னே தொங்கி மூச்சு வழி அடைபடாதவாறு ஆசனம் உரிய சரிவில் இருத்தலையும் கவனித்தல் வேண்டும்.

புத்தளத்திலிருந்து அநுராதபுரம் செல்லும் பாதையிற் காடு இருமருங்கும் நெருங்குகின்றது. குழந்தை ஏன் முதுகுப்புறமாகச் செல்லவேண்டும் என்று மூத்தவனிடம் வேடிக்கையாகக் கேட்டோம். "தங்கச்சி விண்வெளி வீரர் மாதிரி, மாமா" என்றான். சிறுவனின் சொல்லிலே ஒரு வரலாறு இருந்தது. சுவீடன் நாட்டவரான பேர்ட்டில் ஆல்ட்மன் என்னும் பேராசிரியர், ஜெமினி விண்கலத்தில் வீரர்கள் முதுகு முழுவதும் விசையைத் தாங்குமாறு சாய்ந்திருந்த முறையைக் கண்டு, 1960 களில் பின்னோக்கிய குழந்தை ஆசனத்தை வகுத்தார். அதே நாட்டில் நீல்ஸ் போலின் என்னும் பொறியியலாளர் 1959 இல் அமைத்த மூன்று முனைப் பட்டியே இன்று நாம் காரிலே பூட்டுவது. குழந்தையின் தலை அதன் உடல் நீளத்திற் காற்பங்கு; கழுத்தெலும்புகளோ முற்றாத குருத்து. முன்னோக்கி இருந்தால் தலை முன்னே பாய, கழுத்து அந்த இழுவையைத் தாங்காது. பின்னோக்கி இருந்தால் தலை, கழுத்து, முதுகு யாவும் ஒருங்கே ஆசனத்தில் அமிழும். ஆதலின் ஆசனம் இடங்கொடுக்கும் நிறையும் உயரமும் உள்ளவரை குழந்தையைப் பின்னோக்கியே வைத்திருத்தல் நன்று. காற்றுப்பை இயங்கும் நிலையிலுள்ள முன்னாசனத்திலே பின்னோக்கிய ஆசனத்தை ஒருபோதும் வைத்தலாகாது. விரியும் பையின் அடி நேரே குழந்தையின் தலைப்புறத்தில் வீழும்.

அநுராதபுரத்தை அடைந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. ருவன்வெலிசாயவின் வெண்ணிறத் தூபி தொலைவிற் கண்ணைப் பறித்தது. தேநீருக்காக நின்ற சிறு பொழுதிலேயே வான் அடுப்பாகிவிட்டது. மீண்டும் ஏறுமுன் தங்கை, வாரின் உலோகப் பூட்டைத் தொட்டுப் பார்த்து, ஈரத்துணியால் ஒற்றினாள். வெயிலில் நிறுத்திய வாகனத்திற் குழந்தையை ஒரு நிமிடமேனும் தனியே விடலாகாது என்பதை இங்கே சொல்லவும் வேண்டுமோ? பின்னர் வாரைப் பூட்டித் தோளருகே இரு விரல்களாற் கிள்ளிப் பார்த்தாள். கிள்ளுவதற்கு மடிப்பு அகப்படுமாயின் வார் தளர்ந்துள்ளது என்பது பொருள். பின்னோக்கிய ஆசனத்தில் வார் தோள் மட்டத்திலோ அதன் கீழோ தொடங்குதல் வேண்டும். முன்னோக்கிய ஆசனத்தில் தோள் மட்டத்திலோ அதன் மேலோ தொடங்குதல் வேண்டும்.

வவுனியாவைத் தாண்டி ஏ-9 வீதியில் ஓமந்தையும் கடந்தபின், பற்றைக்குள்ளிருந்து பசுவொன்று திடீரெனப் பாதைக்குக் குறுக்கே வந்தது. சாரதி முழுப்பலத்துடன் தடையை மிதித்தார். வான் கிறீச்சிட்டு நின்றது. பின்னாசனத்தில் வைத்திருந்த மாம்பழப் பை பறந்துவந்து முன்னே சிதறிற்று. தண்ணீர்ப் போத்தலொன்று சாரதியின் காலடிவரை உருண்டது. பசு ஒன்றும் நடவாததுபோல் அப்பாற் சென்றது. மூத்தவன் தன் இடத்தை விட்டு அசையவில்லை. குழந்தை துயில் கலையவுமில்லை. தாயார் சிதறிக் கிடந்த மாம்பழங்களைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். தம் வெறும் மடியையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை. சிறிது நேரத்துக்குப் பின், தமது பட்டி சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று எம்மைப் பார்க்கச் சொன்னார்.

முறிகண்டிப் பிள்ளையாரைத் தொழாது செல்லும் வாகனம் ஏது? தேங்காய் உடைத்துக் கச்சானும் வாங்கிக்கொண்டு நின்றபோது சாரதி எம்மை அணுகினார். "சேர், எனக்கும் மூண்டு வயசில ஒரு மகன் இருக்கிறான். இப்பிடி ஒண்டு வாங்கிறதெண்டால் எதைப் பாத்து வாங்கிறது?"

மைத்துனர் பொறுமையுடன் விளக்கினார். ஒன்றாறியோ மாகாணச் சட்டம் 9 கிலோகிராமுக்குக் குறைந்த குழந்தைக்குப் பின்னோக்கிய ஆசனத்தையும், 9 முதல் 18 கிலோகிராம் வரை உள்ளோர்க்கு வார் பூட்டிய குழந்தை ஆசனத்தையும் விதிக்கின்றது. அதன் பின்னர் எட்டு வயது, 36 கிலோகிராம், 145 சென்ரிமீற்றர் ஆகிய மூன்றில் ஒன்றை எட்டும்வரை உயர்த்தும் ஆசனம் வேண்டும். ஆதலின் வயதை மட்டும் பார்த்து வாங்காது, பிள்ளையை நிறுத்தும் அளந்தும் வாங்குக. கனடாவின் மேப்பிள் இலை முத்திரையோ, ஐரோப்பாவின் வட்டத்துள் 'ஈ' எழுத்துப் பொறித்த முத்திரையோ உள்ளதா என நோக்குக. உங்கள் வாகனத்தில் வைத்து, இறுகப் பொருந்துகின்றதா என்று பார்த்த பின்னரே பணத்தைக் கொடுங்கள். முன்னோக்கிய ஆசனத்துக்கு மேற்பட்டி இருப்பின் அதனைக் கொளுவும் வளையம் வாகனத்தில் உண்டா என்றும் பாருங்கள். வெளிநாட்டு உறவினர் விட்டுச்செல்லும் பழைய ஆசனமாயின், அது விபத்திற் சிக்கியதா என்று கேட்டறிக. அடியிற் பொறித்த காலாவதித் திகதியைப் படித்து, வார், பூட்டு, கையேடு யாவும் குறைவின்றி உள்ளனவா என்று சோதிக்குக. வரலாறு தெரியாத ஆசனத்தை விலை மலிவென்று வாங்கற்க.

சாரதி ஒவ்வொன்றையும் கைத்தொலைபேசியிற் குறித்துக்கொண்டார். அவ்வேளையில் ஆசன உறையின் கீழ்க் கிடந்த பின்வரிசைப் பட்டிகளையும் வெளியே இழுத்து விட்டார். அன்றைய பிரயாணத்தில் நாம் கண்ட நல்ல காட்சிகளுள் இதுவும் ஒன்று.

ஆனையிறவில் உப்பங்காற்று முகத்தில் அறைய, கடனீரேரி இருபுறமும் வெள்ளித் தகடாய் ஒளிர்ந்தது. கனடாவிலே தெருமுனைக் கடைக்குச் செல்லவும் பட்டி பூட்டும் பெற்றோர் பலர், ஊருக்கு வந்ததும் அதே பிள்ளையை மடியில் வைத்து 350 கிலோமீற்றருக்கு மேல் அழைத்துச் செல்கின்றனர். நாடு மாறலாம், குழந்தையின் கழுத்தும் நியூற்றனின் விதியும் மாறுவதில்லை. இங்கு வாழும் நம் பிள்ளைகளின் உயிரும் அவர்களதினும் குறைந்ததன்று. விலை கொடுத்து வாகனம் வாங்கும் பெற்றோர், அதனுடன் ஓர் ஆசனத்தையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும். இயலாதோர் பிள்ளையைப் பின்வரிசையிலே, தோளுக்கும் தொடைக்கும் பொருந்தும் பட்டியுடனேனும் இருத்தி, சாரதியை மெதுவாகச் செலுத்தச் சொல்வாராக. போகுமிடத்தைச் சிறிது தாமதித்து அடைந்தாலும் குற்றமில்லை. அங்கே பேரப்பிள்ளைக்காகக் காத்திருக்கும் மடி வெறுமையாகாதிருத்தலே வேண்டுவது.