டெரிவேட்டிவ்: ஒரு சொல், மூன்று அர்த்தம்

ப்ளஸ் டூ கணக்கில் டெரிவேட்டிவ் என்றால் வகைக்கெழு. ஒன்று மாறும்போது, அதைச் சார்ந்த இன்னொன்று எந்த வேகத்தில் மாறுகிறது என்று சொல்வது. வேதியியலில் அதுவே பெறுதி. பனியன் துணிக்கு நிறம் ஏற்றும் சாயங்கள் பலவும் பென்சீன், நாப்தலீன் பெறுதிகள்தான்.

திருப்பூருக்கு மூன்றாவது அர்த்தத்தைக் காட்டியது 2007. அந்த வருடம் டாலர் 44 ரூபாயிலிருந்து 39-க்கு இறங்கியது. டாலரில் பில் போடும் ஏற்றுமதியாளர்களுக்குப் பலத்த அடி. இதைச் சமாளிக்க என்று சொல்லி, வங்கிகள் டெரிவேட்டிவ் ஒப்பந்தங்களை விற்றன. இவற்றுக்குச் சொந்த மதிப்பு கிடையாது. வேறொன்றின் விலையிலிருந்துதான் மதிப்பு வரும்.

டாலர்-ரூபாய் விலையை முன்கூட்டியே பேசி வைப்பது நல்ல பாதுகாப்பு. ஆனால் பலர் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தங்கள் டாலர்-சுவிஸ் ஃபிராங்க் விலையைச் சார்ந்தவை. 2008 மார்ச்சில் டாலர் ஒரு ஃபிராங்குக்கும் கீழே விழுந்தது. பனியன் தைத்துச் சேர்த்த லாபம் ஒப்பந்தத்தில் கரைந்தது. வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போயின.

வகைக்கெழு காணச் சொன்னால் மாணவன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எதைப் பொறுத்து?" என்பது. கையெழுத்துப் போடும் முன்பும் கேட்க வேண்டியது அதுதான்.