விசிறிச் சத்தம்

மூன்று நாட்களாகக் கணினியின் விசிறி ஓயாமல் இரைந்தது. கடைக்காரர், "பழசாயிடுச்சு சார், புதுசு வாங்கிடுங்க" என்றார். பென்ஷன்காரனுக்கு அது சின்னச் செலவா?

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் சிபியு என்ற தலைப்பைச் சொடுக்கினால், அதிகம் உழைக்கும் நிரல் முதலில் வந்து நிற்கும். எனக்கு வந்தது, விண்டோஸின் சர்ச் இண்டெக்ஸர். முந்தின வாரம்தான், மறைந்த என் மனைவி தட்டச்சு செய்துவைத்த கடிதங்களையும் சமையல் குறிப்புகளையும் பழைய டிஸ்கிலிருந்து இதில் ஏற்றியிருந்தேன். கேட்டவுடன் எடுத்துத் தருவதற்காக, ஒவ்வொன்றையும் அது படித்துக் குறித்துக்கொண்டிருந்தது.

நாம் தொடாதபோது அந்த வேலை வேகமாக நடக்கும். இரவு முழுதும் ஓடவிட்டேன். காலையில் சத்தம் அடங்கியிருந்தது. 'வத்தக்குழம்பு' என்று தேடினேன். அவள் கைப்பக்குவம் நொடியில் திரைக்கு வந்தது.